எழுதியவரும் ஏறியவரும்

மலையொன்றின் உச்சியை முதலில் மிதித்தவனே அம்மலையை அறிந்தவன் என்னும் எண்ணம் நம்மிடையே ஆராய்வின்றி நிலைபெற்றுவிட்டது. 'மலையை வென்றார்', 'சிகரத்தில் வாகை சூடினார்' என்னும் சொற்றொடர்களைப் பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் படித்துப் படித்து, மலை என்பது மனிதனோடு மற்போருக்கு நிற்கும் ஒரு பகைவன் என்றே மாணவர் பலர் கருதுகின்றனர். இமயத்தைப் பற்றி இவ்வாறு பேசுவது பொருந்துமோ பொருந்தாதோ, அதனை இமயம் ஏறியோரே முடிவு செய்யட்டும். ஐஸ்லாந்து நாட்டின் எரிமலைகளையும் பனிக்கட்டியாறுகளையும் பொறுத்தவரையில் இப்பேச்சு சற்றும் பொருந்தாது என்பதே என் கட்சி. அம்மலைகளை நமக்கு அறியத்தந்தவர்கள் பெரும்பாலும் அவற்றின் அடிவாரத்தில் ஆடு வளர்த்தும், மீன் பிடித்தும், நோயாளருக்கு மருந்து கொடுத்தும், ஞாயிறுதோறும் ஆராதனை நடத்தியும் வாழ்ந்தவர்கள். பனிக்கோடரியைவிட எழுதுகோலையே அவர்கள் நம்பினார்கள்.

ஐஸ்லாந்து, அத்திலாந்திக் சமுத்திரத்தின் வட கோடியில், ஆட்டிக் வட்டத்தைத் தொட்டும் தொடாமலும் கிடக்கும் ஒரு தீவு. பரப்பில் நம் இலங்கையைப் போல் ஒன்றரை மடங்கு. குடிகளோ ஏறக்குறைய நான்கு இலட்சம் மாத்திரமே. அத்திலாந்திக்கின் அடித்தளத்தில் வடக்குத் தெற்காக ஓடும் நெடிய மலைத்தொடர் கடலுக்கு மேலே தலைநீட்டிய இடம் அது. வட அமெரிக்கப் புவித்தட்டும் ஐரோவாசியப் புவித்தட்டும் அங்கே ஆண்டுக்கு இரண்டு சென்ரிமீற்றர் அளவில் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன; விலகும் பிளவினூடே பூமியின் உட்குழம்பு மேலெழுகின்றது. அதே நிலத்தில் பத்திலொரு பங்கைப் பனிக்கட்டி மூடியிருக்கின்றது. வத்னயோக்குல் என்னும் பெரும் பனிக்கட்டிக் கவிப்பு ஒன்றே சுமார் 7,700 சதுர கிலோமீற்றர். சராசரித் தடிப்பு 400 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அக்கவிப்பின் அடியிலேயே எரிமலைகள் உறங்குகின்றன. இடையிடையே விழிக்கவும் செய்கின்றன. 'நெருப்பும் பனியும் கூடிய நாடு' என்று பிரயாண விளம்பரங்கள் கூறுவது பொய்யன்று. ஆனால், அச்சொற்றொடரோடு திருப்தியடைந்து திரும்புவோர் அந்நாட்டின் பாதியைக்கூடப் பார்த்தவராகார்.

தென்கிழக்குக் கரையிலே ஓரைவயோக்குல் என்றொரு மலை உண்டு. பனிக்கட்டி போர்த்த எரிமலை. 1362 ஆம் ஆண்டில் அது வெடித்தபோது அடிவாரத்தில் இருந்த செழிப்பான பண்ணைகள் யாவும் அழிந்தன. பின்னர் அப்பிரதேசத்துக்கு வழங்கிய பெயரே 'பாழ்நிலம்' என்னும் பொருளுடையது. அம்மலையின் கொடுமுடி 2,110 மீற்றர் உயரமானது. நாடு முழுவதிலும் அதனினும் உயர்ந்த இடம் இல்லை. 1891 இல் அதனை அடைந்தவர் பிரெடெரிக் ஹவல் என்னும் ஆங்கிலேயர். அயலிலிருந்த குடியானவர் இருவர் அவருடன் சென்றனர். மலையேற்ற வரலாறுகள் ஹவலின் பெயரை மறவாமல் குறிக்கின்றன.

அதற்குத் தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்கு முன்பு, 1794 ஆகஸ்ட் 11 ஆம் திகதி, ஸ்வேன் பால்சன் என்னும் ஐஸ்லாந்தர் அதே மலைமீது ஏறினார். கொப்பன்ஹேகனில் மருத்துவமும் இயற்கைநூலும் பயின்று, அங்கிருந்த இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சிறு உதவிப் பணத்தோடு தாய்நாட்டைச் சுற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர், வயது முப்பத்திரண்டு. அன்று அவர் அடைந்தது எரிமலை வாயின் விளிம்பிலிருந்த ஓர் உயரத்தையே. மிக உயர்ந்த கொடுமுடியை அவர் எட்டவில்லை. உச்சியை மிதித்தோர் வரிசையில் அவருக்கு இடமில்லை. ஆயினும் அவ்விளிம்பில் நின்று கீழே நோக்கியபோது அவர் ஒன்றைக் கண்டார். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் க்வியார்யோக்குல் என்னும் பனிக்கட்டியாற்றின் முதுகில், வில்போல் வளைந்த கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. வளைவு யாவும் கீழ்நோக்கியே இருந்தன. இதனை உற்றுநோக்கிய பால்சன், இப்பனிக்கட்டி அசையாத பாறையன்று, பாதி உருகிய கீலைப் போலப் பிசுபிசுத்து மெல்ல மெல்லப் பாய்கின்றது என்னும் முடிவுக்கு வந்தார். நடுப்பகுதி விரைந்தும் ஓரங்கள் உராய்வினால் பிந்தியும் செல்வதனாலேயே கோடுகள் அவ்வாறு வளைகின்றன என்பது இன்று புவியியல் மாணவர் அனைவருக்கும் தெரியும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தமிழில் 'பனிக்கட்டியாறு' என்று நாம் உச்சரிக்கும்போதே 'ஆறு' என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அதனால் பால்சனின் முடிவு நம் மாணவருக்குப் பெரிய காரியமாகத் தோன்றாது. ஐஸ்லாந்து மொழியில் வழங்கும் 'யோக்குல்' என்னும் சொல்லில் ஆறும் இல்லை, ஓட்டமும் இல்லை. கல்லினும் கடினமாய் உறைந்து கிடக்கும் ஒன்று பாய்கின்றது என்று அக்காலத்தில் எழுதுவதற்குக் கண்ணும் வேண்டும், துணிவும் வேண்டும். ஆல்ப்ஸ் மலைநாட்டில் அவருக்கு முன்னரே அவ்வாறு ஊகித்தோர் இல்லாமலில்லை. ஆனால் பால்சன் ஊகத்தோடு நில்லாமல், தம் நாட்டுப் பனிக்கட்டியாறுகள் அனைத்தையும் வகைப்படுத்தி விரிவான நூலொன்றையே எழுதி முடித்தார்.

அந்நூலுக்கு நேர்ந்த கதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை உண்டாகிறது. 1795 இல் அது கொப்பன்ஹேகன் சங்கத்துக்கு அனுப்பப்பட்டது. சங்கத்தின் பண உதவி நின்றது, நூல் அச்சேறவில்லை. அதன் பகுதிகள் 1880களில் நோர்வே நாட்டிலே வெளிவந்தன. ஐஸ்லாந்து மக்கள் தங்கள் மொழியில் அதனைப் படித்தது 1945 இலேதான். இதனிடையே ஸ்கொத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் போர்ப்ஸ் ஆல்ப்ஸில் அளவைகள் செய்து, பனிக்கட்டி பாகுபோல ஓடுகின்றது என்னும் கொள்கையை 1843 இல் வெளியிட்டுப் புகழ்பெற்றார். போர்ப்ஸின் புகழ் நியாயமானதே. அவர் அளந்து காட்டினார். ஆனால் பால்சன் தம் நூலை எழுதியது ஆள்வோரின் மொழியான டேனிஷ் மொழியில். அதனை ஒப்படைத்தது ஆள்வோரின் தலைநகரில். பனிக்கட்டியாற்றின் நிழலில் பிறந்து இறந்த மக்கள், தம்மிடையே வாழ்ந்த ஒருவர் அதைப்பற்றி என்ன கண்டார் என்பதை ஒன்றரை நூற்றாண்டுக்குப் படிக்கமுடியவில்லை. இதனை விதியென்று விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. பால்சனோ பின்னர் தென் மாவட்டத்தின் வைத்தியராக நியமிக்கப்பட்டு, சொற்பச் சம்பளத்துக்காக ஆறுகளைக் குதிரைமேற் கடந்து நோயாளரிடம் சென்றார். சம்பளம் போதாமையால் கமமும் செய்தார், கடலில் மீனும் பிடித்தார். 1840 இல் காலமானார்.

பால்சனின் மனைவி பியார்னி பால்சன் என்பவரின் மகள். இந்தப் பியார்னியும் எகெர்ட் ஒலாவ்சன் என்னும் கவிஞரும் சேர்ந்தே 1750 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹெக்லா எரிமலையின் உச்சிக்கு ஏறினர். நரகத்தின் வாயில் என்று ஐரோப்பா முழுவதும் அஞ்சிய மலை அது. மேலே சென்றவர்கள் அங்கே கண்டது பனியும் சாம்பலும் கல்லுமே. பேய்களைக் காணாத செய்தியை எளிய நடையில் எழுதிவைத்தார்கள். 1752 தொடக்கம் 1757 வரை நாடெங்கும் திரிந்து மற்றவற்றையும் எழுதினார்கள். 1772 இல் நூல் வெளிவந்தபோது எகெர்ட் உயிருடன் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே படகு கவிழ்ந்து, மனைவியோடு கடலில் மாண்டுபோயிருந்தார்.

இனி, நெருப்பின் கதைக்கு வருவோம். 1783 ஜூன் 8 ஆம் திகதி, பெந்தெகொஸ்தே ஞாயிறு. வானம் தெளிவாயிருந்த காலை ஒன்பது மணியளவில் வடக்கிலிருந்து ஒரு கரிய முகில் எழுந்து மாவட்டத்தையே மூடியது. லாக்கி என்னும் மலையின் இரு பக்கமும் இருபத்தேழு கிலோமீற்றர் நீளத்துக்கு நிலம் பிளந்து, நூற்றுக்கு மேற்பட்ட வாய்களினூடே குழம்பு பீறிட்டது. எட்டு மாதம் அது ஓயவில்லை. வெளிவந்த கந்தகவீரொட்சைட்டு வாயு ஏறக்குறைய 12 கோடி தொன் என்று பிற்காலத்தார் கணித்திருக்கின்றனர். புல்லிலே படிந்த புளோரீன் நஞ்சினால் ஆடுமாடுகள் வீழ்ந்தன. அவற்றை நம்பியிருந்த மனிதர் பட்டினியால் மாண்டனர். ஐஸ்லாந்து மக்களில் ஐந்திலொரு பங்கினர் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தனர்.

இவ்வழிவின் நடுவே இருந்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். யோன் ஸ்ரைன்கிறிம்சன் என்னும் கிராமப் பாதிரியார் அவர். எந்நாளில் எத்திசையில் குழம்பு வந்தது, எந்தப் பண்ணை எரிந்தது, சாம்பல் எந்நிறத்தது, மழைத்துளி தோலிலே பட்டபோது எப்படிச் சுட்டது, ஆடுகளின் தாடையெலும்பு எவ்வாறு புடைத்தது, குளம்புகள் எவ்வாறு கழன்றன என்பனவெல்லாம் அவர் குறிப்பில் உண்டு. ஜூலை 20 ஆம் திகதி, குழம்பு தேவாலயத்தை நோக்கி வந்துகொண்டிருந்தபோது மக்களைக் கூட்டி அவர் நடத்திய ஆராதனை 'நெருப்பு ஆராதனை' என்று இன்றும் பேசப்படுகின்றது. வழிபாடு முடிந்து வெளியே வந்து பார்த்தால், குழம்பு ஓரடியும் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே குவிந்திருந்தது. பாதிரியார் ஆண்டவருக்கு நன்றி செலுத்தினார். அத்தோடு, அணைபட்டுக் கிடந்த இரண்டு ஆறுகள் பெருகிவந்து அக்குழம்பின்மீது பாய்ந்து அதனை அவித்தன என்பதையும் எழுதிவைத்தார். என் மதிப்பில் இதுவே அம்மனிதரின் பெருமை. அற்புதத்தை நம்பியவர், ஆறுகளை மறைக்கவில்லை. (1973 இல் ஹெய்மாய் தீவில் எரிமலை வெடித்துத் துறைமுகத்தை மூட வந்தபோது, கடல் நீரைக் குழாய்களால் பாய்ச்சி அத்தீவார் குழம்பை உறையச் செய்தனர் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.) பஞ்சத்தில் மனைவியை இழந்தார். பட்டினி கிடந்தோருக்காக, முத்திரையிட்ட நிவாரணப் பணப்பொதியை வழியிலேயே உடைத்துக் கால்நடை வாங்கப் பகிர்ந்தளித்தார். அதற்காக மேலதிகாரிகள் அவருக்கு அபராதம் விதித்து மன்னிப்பும் கேட்கவைத்தனர்.

அந்தக் கோடையில் ஐரோப்பா எங்கும் உலர்ந்த புகைமூட்டம் ஒன்று பரவிச் சூரியனை மங்கச் செய்தது. பாரிஸ் நகருக்கு அருகே தங்கியிருந்த பெஞ்சமின் பிராங்கிளின், ஐஸ்லாந்தின் எரிமலை காரணமாயிருக்கலாம் என்று 1784 இல் ஊகித்தார். கூர்மையான ஊகந்தான். ஆனால் அவர் முதலிற் பெயர்சொன்ன மலை ஹெக்லா. உண்மையான இடத்தின் பெயரும் நாளும் நாழிகையும் ஒரு கிராமப் பாதிரியாரின் தாள்களில் கிடந்தன. அப்பிளவு வாய்களை முதன்முதலில் நேரிற் சென்று ஆராய்ந்தவரும், 1794 இல், நம் ஸ்வேன் பால்சனே. இருநூறு ஆண்டு கழித்து தோர்வால்தூர் தோர்தார்சன், ஸ்ரீபன் செல்வ் என்னும் புவிச்சரிதவியலார் இருவர் அவ்வெடிப்பின் ஒவ்வொரு கட்டத்தையும் வரிசைப்படுத்த முற்பட்டபோது, பாறைக்கு அடுத்தபடியாக அவர்களுக்குக் கைகொடுத்தவை யோன் பாதிரியாரின் பதிவும் அக்காலத்து ஏனைய குறிப்புகளுமே.

இலக்கிய வட்டக் கூட்டமொன்றில் இவற்றை நான் எடுத்துரைத்தபோது நண்பர் ஒருவர், "இவையெல்லாம் தகவல்கள், இலக்கியத்துக்கும் இவற்றுக்கும் என்ன உறவு?" என்று கேட்டார். கற்பனை இருந்தாலன்றி இலக்கியமில்லை என்பது அவர் கொள்கை. அவருக்கு நான் சொன்ன விடை சிகுர்தூர் தோராரின்சன் என்பவரின் வாழ்க்கை. 1912 இல் பிறந்து 1983 இல் மறைந்த இவர், எரிமலைச் சாம்பற் படைகளைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறையை வகுத்தவர். 'தெப்ரா' என்னும் கிரேக்கச் சொல்லை அதற்கெனப் புகுத்தியது 1944 இல் அவர் வெளியிட்ட கலாநிதிப்பட்ட ஆய்வே. மண்ணை வெட்டினால் வெள்ளை, கறுப்பு, பழுப்பு என்று சாம்பற் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தெரியும். எந்தக் கோடு எந்த ஆண்டுக்கு உரியது? மண் அதனைச் சொல்லாது. நடுக்காலத்து ஆண்டுக் குறிப்பேடுகளில் யாரோ ஒரு துறவியோ எழுத்தரோ 1104 இல் ஹெக்லாவில் நெருப்பு எழுந்தது என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தார். அந்த வரியே அந்தக் கோட்டுக்கு வயது கொடுத்தது. பழஞ்சுவடி படிக்கத் தெரியாத புவிச்சரிதவியலாரால் இக்காரியத்தைச் செய்திருக்க முடியாது. தோராரின்சன் சுவடியும் படித்தார், மண்ணையும் வெட்டினார். போதாததற்கு, மக்கள் இன்றும் விரும்பிப் பாடும் பாட்டுகளையும் இயற்றினார். நண்பர் அன்று என்னோடு உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். ஆனால் கற்பனையை மாத்திரம் இலக்கியத்தின் உரைகல்லாகக் கொள்ளும் விமர்சனம், உண்மையை நேர்மையாய்ப் பதிவுசெய்யும் உரைநடையை வெளித்திண்ணையிலேயே நிறுத்திவிடுகின்றது. நம் வகுப்பறைகளில் விஞ்ஞானத் தமிழ் வேறு, இலக்கியத் தமிழ் வேறு என்று இரண்டு பாய் விரித்திருப்பதன் பலனும் இதுவே.

அந்நியரின் பங்கை நான் மறுக்கவில்லை. வத்னயோக்குலை 1875 இல் முதன்முறையாக நடந்து கடந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் வில்லியம் உவாற்ஸ் என்னும் ஆங்கிலேயர். பனிக்கவிப்பின் நடுவே ஆவி கக்கும் கிரிம்ஸ்வொத்ன் எரிமலை வாயை 1919 இல் கண்டு விவரித்தவர்கள் சுவீடன் நாட்டு மாணவர் இருவர். இவர்களும் எழுதினார்கள், ஆகையாலேயே நினைக்கப்படுகிறார்கள். இன்னொரு வகையினரும் உண்டு. ஸ்னைபெல்ஸ்யோக்குல் என்னும் மலையை உலகுக்கு அறிமுகஞ் செய்தது 1864 இல் ஜூல்ஸ் வேர்ண் எழுதிய பாதாளப் பிரயாணக் கதை. அவர் அந்நாட்டுக்குப் போனதேயில்லை! அக்கதையை நானும் சிறுவயதில் விழுங்கியவன், அதனைக் குறைகூறமாட்டேன். ஆனால் அக்கதையை அறிந்த ஆயிரம் பேருள் ஒருவருக்காவது தோர்வால்தூர் தொறொட்சனின் பெயர் தெரியுமா? பாடசாலை ஆசிரியரான இவர், 1882 முதல் 1898 வரை கோடை விடுமுறைகளில் குதிரையேறி நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்று, 1901 இல் அதன் புவிச்சரிதவியற் படத்தை வெளியிட்டார். விடுமுறையை எவ்வாறு கழிப்பது என்று யோசிக்கும் நம் ஆசிரிய அன்பர்கள் இவரைப் பற்றிப் படிக்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் க்வியார்யோக்குலின் அடியில் நிற்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வெண்பனியை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு முதலிற் கண்ணிற்பட்டது கறுப்பு. சாம்பலும் கல்லும் அப்பிய பனிக்கட்டி, சேறு பூசிய எருமை முதுகுபோல் கிடந்தது. இரு பக்கமும் அது முன்னொரு காலத்தில் தள்ளிக் குவித்த கற்குவைகள் கோட்டை மதில்போல் எழுந்து நின்றன. பிரயாணிகள் காலணியில் இரும்பு முட்களைப் பூட்டிக்கொண்டு, கூவி மகிழ்ந்து, படம் எடுத்து, இரண்டு மணி நேரத்தில் வாகனமேறினர். அவர்களிலும் எனக்குக் கோபமில்லை. அருகே க்விஸ்கேர் என்னும் பண்ணை இருந்தது. அங்கே வாழ்ந்த சகோதரர்கள் உயர்கல்விச் சாலைகளைக் காணாதவர்கள். ஒருவர் பறவைகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்தார்; ஒருவர் அப்பகுதியின் பழங்கதையை; இன்னொருவர் பனிக்கட்டியாற்றை. அவர்கள் எழுதியவற்றை ஆய்வாளர் தேடிப் படிக்கின்றனர்.

இவ்வாறான கமக்காரரின் உதவியோடுதான் 1930 அளவில் யோன் எய்தோர்சன் என்னும் வானிலை அறிஞர் ஒரு காரியத்தைத் தொடங்கினார். பனிக்கட்டியாற்றின் முன்னே ஒரு கோல் நடுவது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கோலுக்கும் பனிக்கட்டி நுனிக்கும் இடையிலுள்ள தூரத்தை நாடாவால் அளந்து எழுதி அனுப்புவது. அவ்வளவே. 1950 இல் அவர் முன்னின்று நிறுவிய பனிக்கட்டியாற்று ஆராய்ச்சிச் சங்கம் அவ்வேலையை ஏற்றது. அளப்போர் தொண்டர்கள். 1953 முதல் வசந்தந்தோறும் வத்னயோக்குலின் மேலே சென்று தங்கி அளப்பதும் அச்சங்கத்தின் வழக்கம்.

இதனால் ஆவதென்ன என்று கேட்போருக்கு 1996 ஆம் ஆண்டைச் சுட்டலாம். செப்டெம்பர் இறுதியில் வத்னயோக்குலின் கீழே எரிமலை வெடித்தது. உருகிய நீர் முழுவதும் கிரிம்ஸ்வொத்ன் ஏரியில் சேர்ந்து, பனிக்கட்டியின் அடியில் மறைந்து கிடந்தது. அவ்வேரி எவ்வாறு நிரம்பும், எவ்வழியாக உடைக்கும் என்பது முன்னோரின் பதிவுகளிலிருந்து அறியப்பட்டிருந்தமையால், வீதியை மூடிவிட்டுக் காத்திருந்தனர். நவம்பர் 5 ஆம் திகதி உடைத்தது. நொடிக்கு 40,000 கனமீற்றருக்கு மேற்பட்ட நீர், வீடளவு பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு பாலங்களைப் பெயர்த்தது. ஓர் உயிரும் போகவில்லை. இத்தகைய வெள்ளத்துக்கு உலக விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் 'யோக்குல்லோய்ப்'. அது ஐஸ்லாந்துக் கமக்காரரின் சொல். மொழிபெயர்க்கப்படாமலே உலகெங்கும் சென்றது. 2023 நவம்பர் 10 ஆம் திகதி இரவு கிரிண்டாவிக் என்னும் மீன்பிடி ஊரிலிருந்து ஏறக்குறைய 3,800 பேர் அப்புறப்படுத்தப்பட்டதும், அடுத்த மாதம் 18 ஆம் திகதி அருகே நிலம் பிளந்து நெருப்பு எழுந்ததும் அண்மைச் செய்திகள். கருவிகள் மாறியிருக்கின்றன; உற்றுநோக்கிப் பதியும் பழக்கம் மாறவில்லை.

இக்காலத்தில் செய்மதிகள் யாவற்றையும் அளக்கின்றனவே, நாடாவும் கோலும் எதற்கு என்பார் உளர். செய்மதி இன்றுள்ளதைக் காட்டும். 1935 இல் இருந்ததைக் காட்டாது. ஓக் என்னும் மலையின் மேலிருந்த பனிக்கட்டி, 1901 இன் படத்தின்படி சுமார் 38 சதுர கிலோமீற்றர். 2014 இல் ஒட்டூர் சிகுர்ட்சன் என்னும் அறிஞர் அதனைச் சென்று பார்த்து, தன் பாரத்தால் நகரும் வலுவை அது இழந்துவிட்டதென்றும், இனி அதனைப் பனிக்கட்டியாறு என்று சொல்லலாகாதென்றும் அறிவித்தார். எஞ்சியது ஒரு சதுர கிலோமீற்றரும் இல்லை. 2019 ஆகஸ்ட் 18 ஆம் திகதி அம்மலைமேல் ஒரு செப்புப் பலகை பதித்தனர். அதிலே பொறிக்கவேண்டிய வாசகத்தை எழுதித்தரும்படி அவர்கள் அழைத்தது அண்ட்ரி ஸ்னைர் மக்னசன் என்னும் எழுத்தாளரை.

நாடாவோடு செல்லும் தொண்டர்களுக்கு இப்போது புதியதொரு தொல்லை. பல இடங்களில் பனிக்கட்டி பின்வாங்கிய பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியாகிவிட்டது. கோல் இக்கரையில் நிற்கின்றது, பனிக்கட்டி அக்கரையில். நாடாவை இழுத்துப் பிடிக்க இடமில்லை. ஆதலால் கரையில் நின்று வேறு கருவிகளால் தூரத்தைக் கணித்து, வழக்கம்போல் ஆண்டும் திகதியும் இட்டு எழுதி அனுப்புகின்றனர்.